திரை எப்படியோ எழுத்தும் அப்படி: இணையப் பக்கம் செய்யும் மென்பொருள்கள் வந்த கதையும், அவற்றைக் கையாளச் சில குறிப்புகளும்

திரையில் என்ன தெரிகிறதோ அதுவே முடிவில் கிடைக்கும் என்ற ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் விசிவிக் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 'தெல் எக்ரான், தெல் எக்ரி' என்கிறார்கள். திரை எப்படியோ எழுத்தும் அப்படி. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இரண்டாவது பெயர்தான் நாக்கில் நிற்கிறது.

இது முதலில் தாளுக்காக வந்தது. 1974 வாக்கில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி ஆகியோர் பிராவோ என்ற மென்பொருளைச் செய்தார்கள். தடித்த எழுத்து திரையிலேயே தடித்துத் தெரியும். அச்சிலும் அப்படியே விழும். இதே சிமோனிதான் பிறகு மைக்ரோசாஃப்டில் சேர்ந்து வேர்டு உருவாகக் காரணமாக இருந்தவர். நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை. டைப்ரைட்டரில் ஒரு விசையை அடித்தால் அந்த எழுத்து அந்த இடத்தில் விழும். மார்ஜின் நெருங்கும்போது மணி அடிக்கும். அதைவிடத் தெளிவான தெல் எக்ரி எது?

ஆனால் இணையப் பக்கம் தாள் அல்ல. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. தாளுக்கு அகலம் உண்டு, அது மாறாது. இணையப் பக்கத்தில் நாம் எழுதி அனுப்புவது ஒரு குறிப்புப் பட்டியல்: இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம் என்று. அதைப் பார்த்துப் பக்கத்தைக் கட்டுவது படிப்பவருடைய கணினி. அவருடைய திரை சின்னதாக இருக்கலாம், நம்மிடம் உள்ள எழுத்துரு அவரிடம் இல்லாமல் போகலாம். ஆகவே நான் பார்ப்பது நீங்கள் பார்ப்பதல்ல. பார்த்தபடி எழுதும் மென்பொருள்கள் இந்த உண்மையை நம் கண்ணிலிருந்து மறைப்பதற்கென்றே பிறந்தவை. அவை தரும் வசதி, வில்லங்கம் இரண்டும் அங்கிருந்தே வருகின்றன.

இதில் ஒரு விந்தை உண்டு. உலகின் முதல் இணைய உலாவியே எழுதும் கருவியாகவும் இருந்தது. 1990-ன் கடைசி மாதங்களில் ஜெனீவா அருகே, சுவிஸ்-பிரெஞ்சு எல்லையில் இருக்கும் செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதைச் செய்தார். பெல்ஜியரான ராபர்ட் காயோ அவருக்குத் தோள் கொடுத்தார். நெக்ஸ்ட் என்ற கணினியில் ஓடிய அந்தச் செயலியில் பக்கத்தைப் படிக்கலாம். அங்கேயே கர்சரை வைத்துத் திருத்தவும் செய்யலாம். ஒரு பக்கத்தில் சில சொற்களைக் குறித்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தில் வேறு சில சொற்களைத் தேர்ந்தெடுத்து, 'குறித்ததோடு இணை' என்று மெனுவில் சொன்னால் போதும். குறிமொழி கண்ணில் படவே படாது. சாதாரண மனிதர்கள் அந்தக் கோணல் அடைப்புக்குறிகளைக் கையால் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று தாம் நினைக்கவே இல்லை என்று அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். படிப்பதும் எழுதுவதும் ஒரே மேசையில் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நெக்ஸ்ட் கணினி விலை அதிகம், வைத்திருந்தவர்கள் சொற்பம். எல்லாக் கணினியிலும் ஓட வேண்டும் என்பதற்காக நிக்கோலா பெல்லோ என்ற மாணவி எழுதிய எளிய உலாவியில் படிக்க மட்டுமே முடியும். 1993-ல் அமெரிக்காவில் மார்க் ஆண்டிரீசனும் எரிக் பினாவும் கொண்டுவந்த மொசைக் உலகெங்கும் பரவியது. படமும் எழுத்தும் சேர்ந்து தெரிந்தன. ஆனால் அதிலும் எழுத வழியில்லை. படிப்பவர் ஒரு சாதி, எழுதுபவர் ஒரு சாதி என்று அன்றைக்குப் பிரிந்தது. எழுத ஆசைப்பட்டவன் நோட்பேடைத் திறந்து எச்.டி.எம்.எல். குறிகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதாயிற்று.

அந்த இடைவெளியில்தான் கடைகள் திறந்தன. வெர்மீர் டெக்னாலஜிஸ் என்ற சிறு கம்பெனி 1995-ல் ஃபிரன்ட்பேஜ் என்ற மென்பொருளை வெளியிட்டது. மறு வருடம் ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியைச் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. 1996-ல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் கோல்டு பதிப்பில் எழுதும் வசதியைச் சேர்த்தது. அதுவே 1997-ல் கம்போசர் ஆயிற்று. அதே வருட டிசம்பரில் மாக்ரோமீடியாவின் டிரீம்வீவர் வந்தது. தொழில்முறை ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: கையால் எழுதிய குறிகளை அது கலைக்காமல் விட்டது. மற்றவை அப்படி இல்லை. நீங்கள் ஒழுங்காக அடுக்கி வைத்த வரிகளைத் திறந்து மூடினாலே தம் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிடும். நாம் எழுதிய டிராஃப்டை மேலதிகாரி ஃபேர் காப்பியில் வேறாக்கி வைப்பாரே, அந்த மாதிரி.

ஃபிரன்ட்பேஜில் செய்த பழைய தளங்களின் கோப்புறைகளைத் திறந்தால் வி.டி.ஐ. என்ற எழுத்துகளுடன் சில விநோதக் கோப்புறைகள் இருக்கும். வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. அது வெர்மீர் டெக்னாலஜிஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துகள், அவ்வளவே. கம்பெனி போனாலும் முத்திரை போகவில்லை. ஆனால் அந்த மென்பொருளில் செய்த விருந்தினர் படிவம், எண்ணிக்கைக் காட்டி போன்றவை வேலை செய்ய, சர்வரிலும் மைக்ரோசாஃப்டின் தனித் துணைச் செயலி இருக்க வேண்டும். 2003 பதிப்போடு ஃபிரன்ட்பேஜ் நின்றுபோனது. அந்த வசதிகளை நம்பிய பக்கங்கள் சர்வர் மாறியதும் ஊமையாயின. மென்பொருள் மட்டும் அறிந்த தந்திரங்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, பட்டியல், எளிய அட்டவணை: இவற்றுக்கு எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம். முப்பது வருடத்துக்கு முந்தைய அப்படிப்பட்ட பக்கம் இன்றைக்கும் அப்படியே திறக்கிறது.

படத்தில்தான் நம் வயதுக்காரர்கள் அதிகம் தடுமாறுவது. பக்கத்தைச் சேமிக்காமலேயே படத்தை இழுத்துப் போடுவோம். திரையில் அழகாகத் தெரியும். பக்கத்தை ஏற்றிவிட்டு மகனுக்குச் சொன்னால், 'அப்பா, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் இருக்கிறது' என்பான். மென்பொருள் படத்தைப் பக்கத்துக்குள் வைப்பதில்லை. படம் இருக்கும் விலாசத்தைத்தான் எழுதி வைக்கிறது. சேமிக்காத பக்கத்துக்கு ஊர் ஏது, தெரு ஏது? ஆகவே உங்கள் கணினியின் சி டிரைவில் தொடங்கி முழு விலாசத்தையும் எழுதிவிடும். அந்த விலாசம் உங்கள் வீட்டில்தான் செல்லும். முதலில் ஒரு கோப்புறை திறந்து, படங்களை அதில் நகலெடுத்து, பக்கத்தையும் அதிலேயே சேமித்துவிட்டுப் பிறகு படத்தைச் சேருங்கள். அப்போது 'பக்கத்திலேயே இருக்கிற படம்' என்று சுருக்கமாக எழுதிக்கொள்ளும். கோப்புறையை அப்படியே தூக்கி எங்கே வைத்தாலும் படம் தெரியும்.

இன்னொன்று: படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் படம் இளைப்பதில்லை. பார்வைக்குத்தான் சிறிது, பளு அப்படியே இருக்கும். கல்யாண ஆல்பம் முழுவதையும் இப்படிச் 'சிறிதாக்கி' ஏற்றினால், கிராமத்தில் செல்போனில் திறக்கும் உறவினர் பாடு திண்டாட்டம். தனியாக ஒரு படம் திருத்தும் செயலியில் குறைத்துவிட்டுச் சேர்ப்பதே முறை.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றுதான். சர்வர்கள் பெரும்பாலும் யூனிக்ஸ் வழி வந்தவை. அவற்றுக்கு அவை வேறு வேறு. எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். வேர்டு தன் எழுத்தோடு தன் குடும்பத்தையே கூட்டி வரும்: ஒவ்வொரு பத்திக்கும் அளவு, நிறம், எழுத்துரு, வேர்டுக்கு மட்டும் புரியும் குறிப்புகள். நான்கு வரி ஒட்டினால் நாற்பது வரி குறிமொழி. முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து மறுபடி ஒட்டுங்கள். அழுக்கெல்லாம் நோட்பேடிலேயே தங்கிவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல செயலிகளில் இதே பலன் கிடைக்கிறது. தடித்த எழுத்துகளை மறுபடி தடிக்க வைக்க வேண்டியிருக்கும்; பரவாயில்லை.

இனி பிரெஞ்சு அத்தியாயம். நமக்குக் கொஞ்சம் பெருமையான பகுதி. பெர்னர்ஸ்-லீயின் பழைய எண்ணத்தை, அதாவது படிக்கிற இடத்திலேயே எழுதுவதை, கைவிடாமல் காத்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். இன்ரியா என்ற பிரெஞ்சு அரசு ஆய்வு நிறுவனத்தில் வேன்சான் கேன், இரேன் வாத்தோன் இருவரும் 1980-களிலேயே கிரிஃப் என்ற ஆவணத் திருத்தியைச் செய்திருந்தார்கள். அந்த வழியில் 1996-ல் வந்தது அமாயா. உலாவியும் திருத்தியும் ஒன்றே. முதலில் தமாயா என்று ஒரு மரத்தின் பெயரை வைத்தார்களாம். அது வேறொரு கம்பெனியின் வணிகப் பெயர் என்று தெரிந்ததும் முதலெழுத்தை வெட்டிவிட்டார்கள். விதி தவறிய குறிமொழியை அமாயா எழுத விடாது. பழைய காலத்துப் பிரெஞ்சு ஆசிரியர் போலக் கண்டிப்பு. 2012-க்குப் பிறகு அது வளரவில்லை.

நெட்ஸ்கேப் நொடித்தபின் அதன் கம்போசரை எடுத்து வளர்த்தவரும் பிரெஞ்சுக்காரரே: தானியேல் கிளாஸ்மான். லின்ஸ்பயர் நிறுவனத்தின் பண உதவியோடு அவர் செய்த என்வியூ 2005-ல் முழுப் பதிப்பாக இலவசமாக வந்தது. ஆங்கிலத்தில் 'புதிய பார்வை' என்ற ஒலி. பிரெஞ்சில் 'வியூ' என்றால் 'பார்த்தது'. பார்த்தபடி எழுதும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பிறகு ஃபாபியேன் கசனாவ் அதன் குறைகளைச் சரிசெய்து கொம்போசர் என்று வெளியிட்டார். கிளாஸ்மான் 2011-ல் புளூகிரிஃபனைக் கொண்டுவந்தார். புதுச்சேரியில் என் நண்பர்களில் பலருக்கு முதல் இணையப் பக்கம் என்வியூவில் அல்லது கொம்போசரில் பிறந்ததுதான்.

தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் பார்த்ததும் கிடைத்ததும் ஒன்றாக இல்லாமல் போனது.

1990-களின் கடைசியில் தமிழ்ப் பக்கங்கள் எழுத்துரு வித்தையில் ஓடின. கணினிக்கு 256 இடங்கள். முதல் 128-ல் ஆங்கிலம். மேல் பாதியில் மேற்கு ஐரோப்பியர்கள் தங்கள் அக்சான் எழுத்துகளை வைத்திருந்தார்கள். நம்மவர்கள் அந்த மேல் பாதியில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். டிஸ்கி ஒரு விதம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் இன்னொரு விதம். இவை தவிர எழுத்துருக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு விதம். உலாவியில் 'பயனர் வரையறுத்தது' என்று குறிமுறையை மாற்றிப் படித்தது பலருக்கு நினைவிருக்கும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் வீட்டுக் கணினியில் அது புழக்கத்துக்கு வந்தது, விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் புதுச்சேரிக்காரர்களுக்கு இருந்தது. தமிழும் பிரெஞ்சும் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. என் நண்பர் ஒருவர் 2000-ஆம் வருடம் கம்போசரில் நாற்பது பக்கங்கள் எழுதினார். அவருடைய தந்தை பிரெஞ்சுப் படையில் சைகோனில் வேலை பார்த்தவர். தந்தையின் கடிதங்கள், எத்தா சிவில் பதிவுகள், 1881-ஆம் வருட அரசாணைப்படி தாத்தா குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட கதை எல்லாம் அதில். அந்த ஆட்களுக்கு ரெனோன்சான் என்று பெயர் அல்லவா? அந்தச் சொல்லில் வால் முளைத்த ஒரு 'ச' வரும். தமிழ் எழுத்துருவில் அந்த வால் எழுத்தின் இடத்தில் ஒரு தமிழெழுத்து உட்கார்ந்திருக்கும். எனவே ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை டைம்ஸ் என்று மாற்றினார் நண்பர். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

நண்பர் 2011-ல் காலமானார். ரேயூனியனிலும் பாரிஸிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் பக்கங்களைத் திறந்தபோது பிரெஞ்சுச் சொற்கள் மட்டும் சரியாக இருந்தன. தமிழ் வரிகள் எல்லாம் அக்சான் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். அவர் மனைவி ஒரு சி.டி.யைக் கொடுத்து, 'இதை என்னவாவது செய்ய முடியுமா அண்ணா' என்றார். அச்செடுத்த பிரதி கிடையாது. கடிதங்களின் அசலும் ஒரு மழைக்காலத்தில் நனைந்து போயிருந்தன. அந்தச் சி.டி.தான் மிச்சம்.

பழைய குறிமுறையை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முழுப் பக்கத்தையும் அதில் போட்டால், பிரெஞ்சு எழுத்துகளையும் அது தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். தாத்தாவின் குடும்பப் பெயரே உருத்தெரியாமல் போகும். எங்கள் வேலைக்குக் கை கொடுத்தது நண்பருடைய பொறுமைதான். ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லையும் சுற்றி மூலத்தில் 'எழுத்துரு டைம்ஸ்' என்ற குறி இருந்தது. அந்தக் குறிகளுக்குள் இருந்ததையெல்லாம் வெட்டித் தனிக் கோப்பில் வைத்து, அந்த இடங்களில் எண் மட்டும் போட்டோம். தமிழை மாற்றியதும் எண்ணுக்கு எண் பிரெஞ்சை மறுபடி சேர்த்தோம். வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம். நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு இடங்களில் எழுத்துருக் குறியே இல்லை. அங்கே இருந்த ஊர்ப் பெயர்கள் எவை என்று அவருடைய தங்கையிடம் கேட்டுத்தான் நிரப்பினோம்.

இந்த வேலையில் ஒரு நல்ல பழக்கம் படிந்தது: பக்கத்தின் அடியிலோ மேலேயோ இருக்கும் 'மூலம்' என்ற பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது. எல்லாம் புரிய வேண்டியதில்லை. தமிழ் தமிழாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூலத்தில் &#2949; போன்ற எண்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; 2949 என்பது யூனிகோடில் 'அ'வின் எண். பக்கம் சரியாகவே திறக்கும். ஆனால் 'அம்மா' என்ற சொல்லுக்கு இப்படி ஐந்து எண்கள், 35 எழுத்திடங்கள் ஆகும், யூ.டி.எஃப்-8 முறையில் 15 பைட் போதும். தவிர, நாளைக்கு நோட்பேடில் திறந்து ஒரு வரியைத் திருத்த நினைத்தால் எண்களுக்கு நடுவில் எதைத் தேடுவது? கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் ஆபத்து. அது எழுத்து அழிந்துபோனதற்கு அடையாளம், திரும்பாது. சேமிப்பதற்கு முன்பே பக்கப் பண்புகளில் குறிமுறையை யூ.டி.எஃப்-8 என்று வையுங்கள்.

மூன்றாவது ஒரு நோயும் உண்டு. பக்கம் முழுவதும் ஆ அக்சான் கிராவ் எழுத்தாகத் தெரிவது. பிரெஞ்சு படித்தவர்களுக்கு அந்த எழுத்தைக் கண்டதும் ஒரு சந்தோஷம் வரும், காரணம் வேறு. யூ.டி.எஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் அந்த இடத்தில் இருப்பது ஆ அக்சான் கிராவ். 'அம்மா' என்ற சொல்லில் அது ஐந்து முறை வரும். எழுத்து அழியவில்லை, குறிமுறையைத் தவறாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தின் தலையில் யூ.டி.எஃப்-8 என்று எழுதினால் தமிழ் திரும்பிவிடும்.

எழுத்துருவைக் குறிப்பிட வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்தது. யூனிகோடு வந்தபின் படிப்பவரின் கணினியே தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. தலைப்பு பெரிதாக இருக்க வேண்டுமானால் எழுத்தின் அளவைக் கூட்டாமல் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்ற பாணிகளைத் தேர்ந்தெடுங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலிகள் தலைப்பு எது என்று அந்தக் குறியை வைத்துத்தான் கண்டுகொள்கின்றன. நம் வாசகர்களில் இப்போது அப்படிக் கேட்டுப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். எண்டர் விசை புதிய பத்தி. ஷிஃப்டோடு எண்டர் வெறும் புதிய வரி. முகவரி எழுத இரண்டாவது, கட்டுரை எழுத முதலாவது.

எந்த மென்பொருள் என்று கேட்டால், கணினியில் நிறுவி எழுத விரும்புகிறவர்களுக்கு சீமங்கி தொகுப்பில் பழைய கம்போசர் இன்னும் இருக்கிறது, இலவசம். தோற்றம் 2000-ஆம் வருடத்துத் தோற்றம். நம் கைக்கு அதுவே பழக்கம். இணையத்திலேயே எழுதும் சேவைகளில் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தம் கணினிக்கு இறக்கி வைக்க வேண்டும். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியபோது, பிரதி வைத்துக்கொள்ளாத எத்தனையோ பேரின் பக்கங்கள் அதோடு போயின.

நண்பருடைய நாற்பது பக்கங்களையும் இப்போது இரண்டு பென் டிரைவில் வைத்திருக்கிறோம். ஒன்று இங்கே அவர் மனைவியிடம், ஒன்று பாரிஸில் பேத்தியிடம். தாளிலும் ஒரு பிரதி எடுத்துத் துணி பைண்டு போட்டுக் கொடுத்தாயிற்று. பைண்டிங் கூலி 180 ரூபாய்.